நாம் எப்படி இருக்கிறோம்?



இந்த ஆண்டு நினைவுரையில் செஞ்சிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆசிரியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பெயர் எரிக் தெவாயி. கனடாவில் லவால் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மருத்துவர். 2014 ஜூனில் ரியூனியன் தீவில் பாறை சரிந்து இறந்தார். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த தீவு அது. சம்பந்தம் இல்லை என்றதைத் திருத்திக்கொள்கிறோம்.

1980களில் தாய்ப்பாலில் பிசிபி என்ற ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று அவர் அளந்துகொண்டிருந்தார். டிரான்ஸ்பார்மர்களில் ஊற்றிய எண்ணெய் அது. ஒப்பிட்டுப் பார்க்க மாசில்லாத பால் வேண்டியிருந்தது. ஆலைகளுக்கு வெகுதூரத்தில், வடகோடி நுனாவிக்கில் வாழும் இனூயிட் தாய்மாரிடம் மாதிரி வாங்கினார்கள். தெற்கத்தித் தாய்மாரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. காற்றும் கடலும் சுமந்துபோன நஞ்சு மீனில் ஏறி, கடல்நாயின் கொழுப்பில் ஏறி, அவற்றை உண்டு வாழ்கிறவர்களின் உடம்பில் தங்கிவிட்டது.

நமக்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வரும்: தீட்டு. ஊரார் கழித்த அழுக்கைச் சுமக்கிறவரையே அழுக்கு என்பது நாம் தலைமுறையாகப் பார்த்த கணக்கு. ‘உங்கள் பால் விஷம்’ என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் ஊர் திரும்பியிருந்தால் அங்கும் அதே கணக்குத்தான். அப்படி நடக்கவில்லை. அந்த மக்களின் சுகாதார அமைப்புகளும் ஆய்வாளர்களும் உட்கார்ந்து பேசி, பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், நன்மைதான் பெரிது என்று சொன்னார்கள். ஷீலா வாட்-குளூட்டியே போன்ற இனூயிட் தலைவர்கள் உலக அரங்குக்குப் போய், நஞ்சைச் செய்தவர்களிடம் கணக்குக் கேட்டார்கள். 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை வந்தது. காசர்கோட்டைச் சீரழித்த எண்டோசல்பானும் 2011இல் அதே பட்டியலில்தான் சேர்ந்தது.

2004இல் அமுண்ட்சென் என்ற பனி உடைக்கும் கப்பல் நுனாவிக்கின் 14 ஊர்களுக்கும் போய் மக்களின் உடல்நிலையை ஆராய்ந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் தெவாயியும் ஒருவர். ஆய்வுக்கு இனூயிட் மொழியிலேயே பெயர் வைத்தார்கள். ‘நாம் எப்படி இருக்கிறோம்?’ என்று பொருள். ‘அவர்கள்’ எப்படி இருக்கிறார்கள் என்றல்ல. சமூகவியல் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தும் இந்த ஒரு சொல்லை நாங்கள் கற்கவில்லை.

அதே 2004இல் நம் பக்கத்துக் கடலூரில், சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பக் கற்றார்கள். எந்த நாற்றம் எந்த நேரத்தில் அடித்தது என்று குறித்தும் வைத்தார்கள். அதுவரை ‘நாறுகிறது’ என்பது வெறும் புலம்பலாகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது.

நாங்கள் செய்ததையும் சொல்லியாக வேண்டும். முதுகலை படித்தபோது செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், கல் உடைக்கிறவர்களின் இருமலைப் பற்றிப் படிவம் நிரப்பினோம். மதிப்பெண் வந்தது. ஊருக்குத் திரும்பிப்போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசியவர்களில் சிலர் இன்று இல்லை. படிவங்கள் இரண்டு கட்டு இன்னும் பரணில் கிடக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் உட்கார்ந்து அவற்றை வாசிக்கப்போகிறோம். எங்கள் கையெழுத்து எங்களுக்கே விளங்காது. மாணவர்கள் நாலு பேர் கூட வந்தால் நல்லது.