முதுமையில் சிறுநீர்த் தடை: கூச்சம் தவிர்ப்போம்

(பெரிய முதலியார்சாவடியில் மூத்தோர்க்கு ஆற்றிய மருத்துவ உரை)

பெரியோர்களே, சிராவக சிராவகியரே!

இவ்வூரிலிருந்து வடக்கே மரக்காணம் சென்றால், உப்பளப் பாத்திகளில் வெயிலின் வேலையைக் காணலாம். நீர் வற்ற வற்ற உப்பு மிஞ்சுகிறது. நம் உடலிலும் நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடையும். கல்லுக்கும் கிருமித் தொற்றுக்கும் அது வழியாகும். இதனை அறிந்தும் முதியோர் சிலர் தாமே நீரைக் குறைத்துக்கொள்கின்றனர். அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதை வெளியே சொல்லக் கூசுவதே காரணம்.

ஆடவர்க்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து புராஸ்டேட் சுரப்பி அமைந்துள்ளது. இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள இது, வயது ஏற ஏறப் பருக்கும். 60 வயதை எட்டியோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இவ்வளர்ச்சி காணப்படுகிறது. இரவில் பலமுறை எழுதல், தாரை மெலிதல், சொட்டுச் சொட்டாகக் கழிதல், முழுதும் கழியாத உணர்வு ஆகியன இதன் அறிகுறிகள். சர்க்கரை நோயாலும் இரவில் பலமுறை எழ நேரிடலாம். எனவே பரிசோதனையின்றி எதையும் முடிவு செய்தல் கூடாது.

இவ்வீக்கம் புற்றுநோயன்று. ஆயினும் புராஸ்டேட் புற்றுநோய் தொடக்கத்தில் அறிகுறியின்றியும் இருக்கக்கூடும். பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை தமக்குத் தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிக. அந்த அளவு உயர்ந்தவுடன் அஞ்சவும் வேண்டா. வீக்கமும் தொற்றும்கூட அதனை உயர்த்தும்.

கதிரவன் மறைந்தபின் உண்ணாமையும் நீர் பருகாமையும் நம் மரபு. இரவில் எழுவது குறைய இதுவும் துணைபுரியும். ஆனால் பகலில் காய்ச்சிய நீரைப் போதிய அளவு பருகியிருத்தல் வேண்டும். நோன்பிற்காக நீரை விடுவது வேறு. கழிப்பறைக்கு அஞ்சி நீரை விடுவது வேறு. முன்னது விரதம், பின்னது நோயை மறைத்தல். சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உடையோர் நீரின்றி நோன்பேற்கும் முன் மருத்துவரைக் கலந்துகொள்க.

தொடக்க நிலையில் மாத்திரைகளே பலர்க்குப் போதும். டாம்சுலோசின் போன்றவை தசையைத் தளர்த்தி வழிவிடும். சிலர்க்குத் தலைசுற்றல் தரும் ஆதலின் படுக்கையிலிருந்து மெல்ல எழுக. மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்க்குச் சிறுநீர்ப் பாதை வழியாகவே, வயிற்றைக் கீறாமல் அறுவை செய்ய இயலும். சளிக்குக் கடையில் தாமே வாங்கும் சில மருந்துகள் சிறுநீரை அறவே அடைத்துவிடக்கூடும். அவ்வாறு அடைத்தாலும், சிறுநீரில் குருதி கண்டாலும் விடியும்வரை காத்திராது மருத்துவமனை செல்க. புதுச்சேரிக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் இதற்கெனத் தனித்துறை உண்டு.

இல்லத்தாரே! தந்தை இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பதைக் கனிவுடன் கேளுங்கள். மூத்தோரே! கேட்கும்போது மறைக்காது கூறுங்கள். பிற உயிர்க்கு இரங்கும் நாம் நம் உடலையும் வருத்தாது காப்போம்.