போன பொருளே திரும்பி வருவது ஏன்?



காப்பார், மேரு வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு வாணிபத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறும். டயரும் தையல் இயந்திரமும் வந்திறங்கும். போவது ஒன்று, வருவது வேறொன்று.

இன்றைய மலேசியாவின் ஏற்றுமதிப் பட்டியலையும் இறக்குமதிப் பட்டியலையும் பாருங்கள். இரண்டிலும் முதலிடத்தில் மின்னணுப் பொருள்களே நிற்கின்றன. நாம் விற்பதையே நாம் ஏன் வாங்க வேண்டும்? மாணவர் இப்படிக் கேட்டால், அது நியாயமான கேள்வி.

விடை சுங்கைவேயில் இருக்கிறது. 1971இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. அதன்பின் பினாங்கின் பாயான் லெப்பாசிலும், பெட்டாலிங் ஜெயாவை அடுத்த சுங்கைவேயிலும் வேலியிட்ட தொழிற்பேட்டைகள் எழுந்தன. உள்ளே வரும் மூலப்பொருளுக்குச் சுங்கவரி இல்லை. செய்து முடித்ததை ஏற்றுமதி செய்ய வேண்டும். சிலிக்கான் வில்லையில் நுண்சுற்றுகளைப் பதிக்கும் வேலை வெளிநாட்டில் நடந்தது. அந்த வில்லையைத் துண்டுகளாக வெட்டி, மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, உறையிட்டுச் சோதிக்கும் வேலை இங்கே நடந்தது. கம்பத்துப் பெண்களோடு தோட்டத்துப் பெண்களும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். அவர்களுடைய கைப்பக்குவத்தைப் புகழ்ந்தவர்கள், கூலி மலிவு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்!

அமெரிக்கச் சுங்கவிதியும் இதற்குத் துணை நின்றது. அந்நாட்டுப் பாகங்களை வெளியே பொருத்தித் திரும்பக் கொண்டுவந்தால், பாகங்களின் மதிப்பைக் கழித்து மீதிக்கு மட்டுமே வரி. எடையோ மிகக் குறைவு. எனவே விமானக் கூலியும் கட்டுப்படியானது.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 60 வெள்ளி மதிப்புள்ள வில்லை உள்ளே வருகிறது. 75 வெள்ளிச் சில்லாக வெளியே போகிறது. மொத்த வாணிபம் 135. அதில் 60க்கு 60 என 120 வெள்ளி ஈடாகிறது. கிரூபல், லாயிட் என்னும் பொருளியலாளர்கள் 1975இல் வெளியிட்ட நூலின் அளவுகோல்படி, இதில் 89 விழுக்காடு ஒரே தொழிலுக்குள் நடக்கும் வாணிபம். ஆனால் இங்கே தங்கியது 15 வெள்ளிதான். கூலி, இலாபம் எல்லாம் அதற்குள் அடக்கம். நாளை வில்லையின் விலை 80 ஆகி, சில்லின் விலை 95 ஆனால், ஏற்றுமதி 20 வெள்ளி உயர்ந்ததாக ஏடு காட்டும். நமக்குக் கிடைப்பது அதே 15தான். ஏற்றுமதி பெருகியது என்ற செய்தியைக் கேட்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

இந்தப் பிணைப்பு இருபக்கமும் இழுக்கும். உலகச் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகக் கணக்கு. 2021இல் பெருந்தொற்றால் நம் ஆலைகளில் வேலை தடைப்பட்டது. பாகம் கிடைக்காமல், அமெரிக்காவின் கான்சஸ் நகரில் போர்டு நிறுவனத்தின் ஆலை சில நாள் உற்பத்தியை நிறுத்தியது.

கட்டங்களாகப் பிரித்த வேலை, கட்டம் கட்டமாகவே கைமாறவும் செய்யும். கம்பி இணைக்கும் வேலையை 1980களில் தானியங்கி இயந்திரங்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கின. மறுபுறம், வில்லையில் சுற்றுப் பதிக்கும் கட்டமே நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. 2006இல் கெடா மாநிலத்துக் கூலிமில் இன்பினியன் நிறுவனம் அத்தகைய ஆலையைத் திறந்தது. அங்கே தேவைப்படுவோர் பொறியியலாளர்களும் டிப்ளோமா பெற்ற தொழில்நுட்பர்களும். அந்தக் கட்டத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது, படிவம் நான்கில் அறிவியல் பாடங்களை எடுக்க எத்தனை பேரை நாம் அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது.