குழந்தைக்கு என்ன தெரியும்?

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் மொகிலி மலைவழியைக் கடந்து மேலேறினால் பலமனேர் வரும். கீழ்நாட்டு வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு இவ்வூர்க் காற்றின் குளிர்ச்சி உடனே புலனாகும். தெலுங்கு பேசுவோர் மிகுந்த ஊர் இது. ஆயினும் தமிழக எல்லையும் கன்னட நாட்டு எல்லையும் அருகிலேயே இருப்பதால் தமிழும் கன்னடமும் உருதுவும் கடைவீதியில் கலந்தே ஒலிக்கின்றன. சுற்றிலும் தக்காளித் தோட்டங்களும் புளியமரங்களும் உள்ளன. இப்பகுதியின் சுடுமண் வேலை பெயர்பெற்றது. பக்கத்துக் காட்டில் யானைகள் உலவுகின்றன. 1990ஆம் ஆண்டில் அக்காடு கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய எல்லைப்புற ஊரில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் ஒரு குழந்தையை நேயர்கள் மனத்தில் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் கொஞ்சம் கன்னடம் என்று மூன்று மொழிகளை அக்குழந்தை யாரும் கற்பிக்காமலே கற்றிருக்கும். ஈரமண்ணைத் தொட்ட அளவிலேயே அது சக்கரத்துக்கு ஏற்றதா என்று சொல்லும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பையும் கவனித்துக்கொள்ளும். அதே குழந்தை வகுப்பில் எழுந்து நின்று பாடப்புத்தகத்தின் முதல் வரியைப் படிக்கத் தடுமாறுகிறது. ‘மக்கு’ என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. நாளடைவில் தன் பெயரைக் காட்டிலும் இப்பட்டத்தையே அக்குழந்தை உறுதியாக நம்பத் தொடங்குகிறது. மூன்று மொழி அறிந்த ஒருவரை மந்தம் என்று முடிவு கட்டும் விந்தை பள்ளிக்கூடத்தில் மட்டுமே நிகழக்கூடியது!

இது புதிய கதையன்று. பலமனேரிலிருந்து புங்கனூர் வழியே வடக்கே சென்றால் மதனப்பள்ளி வரும். அங்கே 1895ஆம் ஆண்டு மே மாதத்தில் பிறந்தார் ஜே. கிருஷ்ணமூர்த்தி. பின்னாளில் உலகெங்கும் பேரறிஞர்கள் அமர்ந்து கேட்ட அவரை, இளமையில் ஆசிரியர்கள் அறிவற்ற பிள்ளை என்றே கருதினர். பாடத்தில் மனம் செல்லாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார், பிரம்படி வாங்குவார். தம்பி நித்தியானந்தரோ படிப்பில் சூரர். அக்காலத்துச் செய்திகளில் இரண்டு நம் கவனத்துக்குரியவை. ஒருநாள் தந்தையின் கடிகாரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றிவிட்டு, அதைத் திரும்பப் பூட்டும் வரையில் பள்ளிக்கும் செல்ல மறுத்து, உணவும் கொள்ள மறுத்தாராம். தம் பலகையையும் புத்தகத்தையும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவாராம். எடுத்த காரியத்தை விடாத உறுதியும், கைநுட்பமும், பிறர்பால் இரக்கமும் அப்பிள்ளையிடம் இருந்தன. ஆனால் மதிப்பெண் ஏட்டில் இவை மூன்றுக்கும் கட்டம் இல்லை.

திறமை இருந்தும் பள்ளியின் கண்ணுக்குப் படாமற் போவதற்கு அளந்து காட்டிய சான்றும் உண்டு. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில், தெருவில் இளநீரும் காய்கனியும் விற்ற சிறுவர் ஐவரை ஆராய்ச்சியாளர் சிலர் சோதித்தனர். 1985இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. சரக்கு வாங்குவோர் போலச் சென்று விலை கேட்டபோது நூற்றுக்குச் சுமார் 98 கணக்குகளுக்குச் சரியான விடை வந்தது. அதே எண்களைத் தாளில் கூட்டல் பெருக்கலாக எழுதிக் கொடுத்தபோது சரியானவை 37 மட்டுமே. நம் நாட்டில் கொல்கத்தா, தில்லி நகரங்களின் சந்தைச் சிறுவரிடம் செய்த பெரிய ஆராய்ச்சியொன்று 2025இல் வெளியாயிற்று. அதன் முடிவும் இதுவே. அதில் இன்னொரு செய்தியும் கண்டார்கள். பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் இடறினார்கள். ஆகவே ஒரு பக்கத்தாரை அறிவாளிகள் என்றும் மறுபக்கத்தாரை மந்தர் என்றும் பிரிப்பதற்கு வழியில்லை. தக்காளிக் கூடைகளை எண்ணி விலை சொல்லும் பலமனேர்ப் பிள்ளையிடம், ‘நீ மனத்தில் எப்படிக் கூட்டினாய், அதை இங்கே எழுதிக் காட்டு’ என்று ஆசிரியர் கேட்பாராயின், சந்தைக்கும் கரும்பலகைக்கும் நடுவே ஒரு பாலம் அமையும். யாரேனும் கேட்டால்தானே!

கேட்கும் ஏற்பாடு ஒன்று இப்பக்கத்திலேயே தோன்றியது என்பது நமக்குப் பெருமை. மதனப்பள்ளிக்கு அருகில், கிருஷ்ணமூர்த்தியின் கருத்துப்படி அமைந்தது ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் நிலையம் அது. 1980களில் அதன் கிராமக் கல்வி மையம் சுற்றுச் சிற்றூர்களின் பக்கம் திரும்பியது. பத்மநாப ராவும் ரமாவும் ஆகிய தம்பதியர் அங்கே ஓராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு முறையை வகுத்தனர். பாடம் முழுவதையும் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் செய்து, எல்லாவற்றையும் ஓர் ஏணி போல் வரைந்து சுவரில் மாட்டினர். குழந்தை தானே ஏணியைப் பார்க்கும். தான் நிற்கும் படியைக் கண்டுகொண்டு, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு அமரும். ஒருவாரம் காய்ச்சலில் படுத்திருந்து வந்தாலும் விட்ட படியிலிருந்தே தொடரும். இன்னாருக்கு இத்தனையாவது இடம் என்ற பேச்சு அங்கு எழுவதற்கே வழியில்லை.

அம்முறையில் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. சில அட்டைகளுக்கு ஆசிரியர் துணை வேண்டும்; சிலவற்றுக்கு, அப்படியை முன்பே கடந்த தோழன் துணையே போதும். நேற்றுக் கற்ற குழந்தை இன்று கற்பிக்கிறது. தனக்கு ஒன்று தெரியும் என்பதை ஒரு குழந்தைக்கு உணர்த்த, அதனிடம் மற்றொரு குழந்தை வந்து ஐயம் கேட்பதைக் காட்டிலும் சிறந்த வழியை நாம் அறியோம். அளவைத் திருவிழா என்றொன்றும் அங்கே நடத்துவதுண்டு. பிள்ளைகள் தராசும் அளவு நாடாவும் வைத்துக் கடை விரிப்பார்கள்; ஊர்ப் பெரியவர்கள் வந்து தம் உயரத்தையும் எடையையும் அவர்களிடம் தெரிந்துகொள்வார்கள். மேடையும் மாலையும் இல்லாத பாராட்டு விழா அது.

சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷி பள்ளத்தாக்குக்குச் சென்று இதைக் கண்டு வந்தனர். 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 முதல் தமிழ்நாடெங்கும் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் பரவியது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் உயரத்துக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகையில் ஒரு பங்கு கிடைத்தது. படங்களும் எழுத்துகளும் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கின. நன்றாக எழுதியதை மட்டும் தேர்ந்து தொங்கவிடாமல் யாவருடையதையும் தொங்கவிட்டமையே அப்பந்தலின் சிறப்பு. அத்திட்டம் பின்னர்ப் பல மாற்றம் பெற்றது. ஆசிரியருக்கு எழுத்து வேலை பெருகியது என்ற குறையும் எழுந்தது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை நிற்கும் நிலையறிந்து கற்பிக்கும் எண்ணம் தொடர்கிறது. ‘நீ அரும்புதானே’ என்று ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைக் கேலி செய்யாதபடி காப்பது ஆசிரியரின் வேலை. எவ்வளவு அழகிய பெயரும் கவனியாது விட்டால் பட்டமாகிவிடும்.

இனிப் பாராட்டைப் பற்றிச் சிறிது. எதற்கெடுத்தாலும் ‘சபாஷ், நீ மகா புத்திசாலி’ என்று தட்டிக்கொடுப்பது நன்மையா? அமெரிக்க உளவியலார் மியூலர், டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட சோதனைகளைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, முடித்தவுடன் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக முயன்றாய்’ என்றும் பாராட்டினர். புத்திசாலி என்று பெயர் பெற்றவர்களில் பெரும்பாலோர் அடுத்தபடியாக எளிய புதிரையே நாடினர்; பெயர் கெட்டுவிடுமே என்ற அச்சம். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களோ கடினமானதைக் கேட்டு வாங்கினர். ஆகவே பாராட்டு குறிப்பாக இருக்கவேண்டும். ‘நல்ல பெண்’ என்பதைவிட, ‘புதிதாக வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் விட்டாயே, கண்டேன்’ என்பது மேல். கண்டேன் என்ற சொல்லே அங்குப் பரிசு.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். குயவர் வீட்டுப் பிள்ளை மண்ணில் அழகாக யானை செய்கிறது, ஆசிரியர் மெச்சுகிறார், பிறகு, ‘இவனுக்குக் கைவேலை வரும், படிப்பு எதற்கு?’ என்று முடித்துவிடுகிறார். திறமையைப் போற்றுவதாகக் கூறிப் பிறந்த குலத்தின் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போடும் இவ்வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது, மிகக் கொடியது. ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் அறிவு பலவகைப்படும் என்று நூல் எழுதியது கதவுகளைத் திறப்பதற்கே. மண் யானை செய்த கைக்கு வடிவ கணிதம் எளிதில் வரக்கூடும். அதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தல்லவா அறிய வேண்டும்?

செலவில்லாத ஒரு பழக்கத்தை ஆசிரியர்களுக்குச் சொல்லி நிறுத்துகிறோம். இருபது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகள் வீடு சென்றபின், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே பெயர்களை எழுதி, அவ்வாரம் ஒவ்வொருவரிடமும் கண்ட ஒரு நற்செயலையோ திறமையையோ ஒரே வரியில் குறிக்கலாம். சிறுவயதில் பாடிய பாட்டு, தீர்த்துவைத்த சண்டை, நீர் ஊற்றிய செடி, எதுவாயினும் சரி. முதல் வாரம் பத்துப் பெயர்களுக்கு மேல் எழுத வராது. எழுதாமல் நின்ற பெயர்கள் பெரும்பாலும் பின்வரிசையிலே இருக்கும். திங்கட்கிழமை காலை, அந்தப் பெயர்களுக்குரிய பிள்ளைகளுள் ஒருவர் அருகே ஆசிரியர் சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம்.