பழைய இசை நாடகங்களுக்குப் புத்துயிர்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பழைய இசை நாடகங்களைத் திரும்பவும் மேடையேற்றுதல் என்பது இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். இதைக் கேட்டவுடன் இரண்டு வினாக்கள் எழும். எப்படி ஆடுவது என்பது ஒன்று; பணத்துக்கு எங்கே போவது என்பது மற்றொன்று. முதலாவதைக் கலைஞர் பார்த்துக்கொள்வர், இரண்டாவதைத் தனாதிகாரி பார்த்துக்கொள்வார் என்று எண்ணுவதே எமது வழக்கம். அவ்வாறு பிரித்துப் பார்ப்பதுதான் முதற் பிழை என்பதைச் சொல்லவே இம்மேடையில் நிற்கின்றோம்.

இசை நாடகம் என்று நாம் கூறுவது எதனை? தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை யாத்தளித்தார். பாட்டும் வசனமுமாக அமைந்த அந்த மரபு தமிழ்நாட்டுக் குழுக்கள் வாயிலாக யாழ்ப்பாணம் வந்தது. அவர்கள் கொட்டகை போட்டு ஆடியதைக் கண்டு நம்மவரும் கற்றுக்கொண்டனர். கொட்டகைக்கூத்து என்றும், டிறாமா என்றும், ஸ்பெசல் நாடகம் என்றும் மக்கள் அதனை அழைத்தனர். காங்கேசன்துறையிலே வசந்த கான சபாவை நடத்திய நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாகத் தோன்றிய மயான காண்டத்தைக் கோயில் வீதிகளில் விடிய விடியப் பார்த்த முதியோர் இச்சபையிலும் இருப்பீர்கள்.

அந்தக் கலை எவ்வாறு பிழைத்தது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். ஸ்பெசல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீ பார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் பிறிதோர் ஊரிலிருந்தும் வருவர். அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் சந்திப்பர். ஒத்திகை என்பதே இல்லை. ஆர்மோனியக்காரர் சுருதி வைத்ததும் நாடகம் தொடங்கிவிடும். காரணம் யாதெனில், பாட்டும் மெட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் மனப்பாடம். சபையோருக்கும் அவை தெரியும். எனவே ஒத்திகைச் செலவு இல்லை. ஒரு நாடகத்தையே பல நூறு இரவுகள் ஆடலாம். எல்லோரும் பொதுவாகப் பெற்றிருந்த அந்த அறிவே அக்கலையின் மூலதனம். வங்கியில் வைத்த பணத்தைவிட அது பெரிது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களிலே கோயில் திருவிழாக்களில் இவ்வகை நாடகம் இன்றும் நடப்பதற்கு அம்மூலதனம் அங்கே இன்னும் முற்றாக அழியாமையே காரணம் எனலாம்.

நமது நிலை என்ன? முதலிற் சினிமா வந்தது. பின்னர் தொலைக்காட்சி வந்தது. அவற்றினும் கொடிதாக யுத்தம் வந்தது. இரவுக் காட்சிகள் நின்றன. 1990ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைப் பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். பாடுவோரும் கேட்போரும் திசைக்கொருவராயினர். பொது அறிவு சிதறியபின் இன்று ஒரு நாடகத்தை எடுப்பதாயின் நடிகருக்கு ஒவ்வொரு பாட்டாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒத்திகை வேண்டும். அத்தனையும் செய்து ஆடுவதோ ஓர் இரவு! இரவுகள் குறையக் குறைய, ஓர் இரவுக்கான செலவு ஏறிக்கொண்டே போகும்.

1966இல் போமல், போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் இருவர் அரங்கக் கலைகளின் வரவு செலவை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். அவர்கள் கண்ட உண்மை எளியது. யந்திரத் தறி வந்தபின் ஒருவர் பலர் நெய்வதை நெய்கிறார். ஆனால், மயான காண்டத்திலே சந்திரமதி புலம்புவதற்கு அன்று எத்தனை நாழிகை வேண்டுமோ அத்தனை நாழிகை இன்றும் வேண்டும். மற்றைத் தொழில்களிற் கூலி உயரும்போது கலைஞரின் கூலியும் உயர்ந்தே ஆகவேண்டும்; விளைவோ பெருகாது. ஆகவே நாடகம் நட்டப்படுவது நாடகக்காரரின் குற்றமன்று, அத்தொழிலின் இயல்பு.

இனி, சென்ற ஆண்டு நாம் பட்ட பாட்டைச் சொல்கிறோம். எமது நண்பர் சிலர் கூடிச் சத்தியவான் சாவித்திரியை எடுக்க முனைந்தோம். பழைய அச்சுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பாட்டின் தலைப்பிலே இராகமும் தாளமும் இருந்தன; இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்றும் குறித்திருந்தது. ஆனால், அந்த இன்ன பாட்டு எது என்று எம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை! ஏடு இருந்தது, இசை இல்லை. பல இடங்களில் விசாரித்து, முன்னாளிலே ஸ்திரீ பார்ட் ஆடிய முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்தோம். திண்ணையிற் படுத்திருந்தவர் முதலடியைக் கேட்டதும் எழுந்திருந்து முழுவதையும் பாடினார். மற்றொரு பாட்டைக் கேட்டோம், பாதியில் நின்றுவிட்டார். "அதைத் தெரிந்தவர் போன மாரியிலே போய்விட்டார், தம்பிமாரே" என்றார். அந்தப் பாட்டை நாம் இன்றுவரை கண்டெடுக்கவில்லை.

அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளுக்கும் இதுவே நேர்ந்தது. அவற்றுட் பல பிற்காலத்து வித்துவான்கள் புதிதாக மெட்டமைத்தபின்னரே கச்சேரி மேடையிற் பரவின. புது மெட்டும் இனியதுதான். ஆயினும் பழையது பழையதன்று.

அடுத்து வருவது சுருக்குதல் பற்றிய வழக்கு. விடிய விடிய ஆடியதை ஒன்றரை மணியாக்குவது கொலை என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. மயான காண்டமே அரிச்சந்திரன் கதையின் ஒரு பகுதிதானே! பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இற் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் முதலிய கூத்துகளைக் குறுகிய நேர அளவில் மேடையேற்றினார். அதற்கு முன் 1956இற் சரச்சந்திரரின் மனமே நாடகம் கொழும்பிலே அரங்கேறியது. அது தழுவிய சிங்கள நாடகம மரபே நமது கூத்தினின்று கிளைத்ததென்பது அறிஞர் துணிபு. பேராதனையில் வெட்டியது நீளத்தை. வெட்டாதது ஆட்டத்தையும் தாளத்தையும். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரே மாணவருக்குப் பழக்கினார் என்பதை மறவாதீர்கள். அதன் பயனாகவே நகரத்தவரும் படித்தவரும் கூத்தைக் கலையென மதித்தனர்.

எனினும் மறுபக்கமும் உண்டு. படச்சட்ட மேடைக்குப் போன கூத்து ஊரவரை விட்டுப் பிரிந்தது என்ற குறையை உணர்ந்தோர், 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊரவரோடு இருந்தே கூத்தை மீளுருவாக்க முனைந்தனர். சாதியும் பெண்ணும் பற்றிப் பழைய பாடல்கள் கூறுவன இக்காலத்துக்கு ஏற்குமா என்பதையும் ஊரவரே கூடி ஆராய்ந்தனர். சாவித்திரியை மேடையேற்றும் நாமும் அவ்வினாவுக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். இவ்விரு வழிகளும் எமக்கு வேண்டியவையே.

இப்பொழுது தனாதிகாரியின் புத்தகத்தைத் திறப்போம். எமது வரவு செலவுத் திட்டத்திலே மேடை அலங்காரம், ஒலிபெருக்கி, மின்விளக்கு, அழைப்பிதழ், பொன்னாடை என்பன முதலில் நின்றன. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் கடைசியில் நின்றனர். பாட்டைத் தந்த அம்முதியவரின் பெயருக்கு எதிரே ஒரு சதமும் இல்லை! பணம் போதாதபோது கடைசியில் நின்றவற்றையே வெட்டினோம். பதிவு செய்யப்பட்ட இசையைப் போட்டுச் சமாளிக்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். நடிகன் இழுத்தால் இழுத்தும், நிறுத்தினால் நிறுத்தியும் கூடவே வருவது உயிருள்ள ஆர்மோனியம். பெட்டிக்குள் இருக்கும் இசைக்கு அது தெரியாது. அதை வெட்டினால் மிஞ்சுவது இசை நாடகமன்று, வேடமணிந்த ஊர்வலம். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதே எதைக் காப்பாற்றுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே சங்கத்து இளைஞர்களுக்கு நான்கு விண்ணப்பங்கள். முதலாவது, இவ்வாண்டே முதிய கலைஞரின் வீடு தேடிச் சென்று மெட்டுகளைப் பதிவு செய்யுங்கள். உங்கள் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசி அதற்குப் போதும். கைம்மாறாக உரிய சன்மானத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். இரண்டாவது, ஐந்து நாடகங்களை அரைகுறையாக எடுக்காது ஒன்றினை, ஏன், ஒரு காண்டத்தை, முழுமையாகப் பழகுங்கள். மூன்றாவது, அயலூர்ச் சங்கங்களோடு கூடி ஒரே நாடகத்தைப் பத்துக் கோயில் வீதிகளில் ஆடுங்கள். ஒத்திகைச் செலவு பத்தாகப் பங்குபடும். நான்காவது, வரவு செலவுத் திட்டத்திலே பக்கவாத்தியக்காரரையும் பழக்குபவரையும் முதல் வரியில் எழுதுங்கள். பணம் குறைந்தால் அலங்காரத்தைக் குறையுங்கள்.

பத்து இரவுகள் ஆடினால் பிள்ளைகள் சிலருக்கு அப்பாட்டுகள் மனப்பாடமாகும். முன்னோர் வைத்திருந்த மூலதனம் அவ்வாறுதான் சிறுகச் சிறுகத் திரும்பும். அரசாங்க உதவியாலோ தனவந்தர் நன்கொடையாலோ மட்டும் திரும்பாது. அம்முதியவர் இன்னும் அதே திண்ணையில் இருக்கிறார். அடுத்த மாரிக்கு முன் நாம் அங்கே போகவேண்டும்.