மழுங்கின டூலும் அப்பாவோட இசைத்தட்டும்

(தலைப்பு: வீட்டில் இசைத்தட்டு கேட்க ஏற்றது பழைய பிளேயரா, புதிய பிளேயரா? ‘புதிய பிளேயரே’ என்ற அணியில் பேசியது.)

நான் கிண்டியிலிருந்து வர்றேன்.

எனக்கு முன்னால பேசின அண்ணன் ரொம்ப உருக்கமா பேசினாங்க. மரப்பெட்டி, கனமான தட்டு, அந்தக் காலத்துப் பொருள் மாதிரி வருமான்னு கேட்டாங்க. அந்தக் காலத்து அம்மி வேணும்னு மட்டும் அண்ணன் கேட்க மாட்டாங்க. ஏன்னா, அரைக்கப் போறது அண்ணி! (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, எங்கப்பா கிண்டி தொழிற்பேட்டையில லேத் ஓட்டினவர். 1958-ல ஆரம்பிச்ச பேட்டை அது. சம்பளம் வாங்கின மறு ஞாயித்துக்கிழமை மின்சார ரயிலேறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, மூர் மார்க்கெட் போவார். பழைய ரெக்கார்டா பொறுக்கிட்டு வருவார். 1985-ல மூர் மார்க்கெட் எரிஞ்சு போனது. அப்பா சேர்த்த முப்பது தட்டு மட்டும் எங்க வீட்டுல மிச்சம்.

2018-ல அப்பா தவறிட்டார். பரண்ல கிடந்த அவரோட பழைய பிளேயரை நான்தான் இறக்கினேன். துடைச்சேன், சுத்துச்சு. எவ்வளவு சந்தோஷம்! அம்மாவுக்கு உயிரான காருக்குறிச்சி அருணாசலம் நாதஸ்வரத் தட்டைப் போட்டேன். தினம் சாயந்திரம் அம்மா கேட்டாங்க. ஒரு மாசத்துல நாதஸ்வரம் கரகரன்னு ஆயிடுச்சு. புது ஊசி மாத்தினேன். கரகரப்பு போகல. ஏன்? கெட்டது ஊசி மட்டும் இல்லய்யா, தட்டு!

அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. “ஏண்டி, மழுங்கின டூலைப் போட்டா மிஷின் கெடாது, ஜாப்தான் கெடும்னு உங்கப்பா சொல்லிட்டே இருப்பாரே!” (அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, ரெக்கார்டுல இருக்கிற பாட்டு, கோடு மாதிரி ஓடற பள்ளத்தோட இரண்டு சுவர்ல இருக்கு. அதைத் தொடறது ஊசி ஒண்ணுதான். வைர ஊசியும் நூற்றுக்கணக்கான மணி நேரத்துல தேயும். தேய்ஞ்ச ஊசி உளியாயிடும். பழைய பிளேயர் பலதுல ஊசியோட பாரம் 5 கிராமுக்கு மேல. நல்ல புது பிளேயர்ல 2 கிராம் அளவுதான்.

இன்னொண்ணு. அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை பழைய பிளேயர் கொண்டு வர்றார். அங்கே மின்சாரம் 60 சைக்கிள், இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாத்தும், சைக்கிளை மாத்தாது. அந்த சைக்கிளை நம்பிச் சுத்தற மோட்டாரா இருந்தா, நிமிஷத்துக்கு முப்பத்து மூணேகால் சுத்துக்கு மேல போக வேண்டிய தட்டு 28-ல நிக்கும். பாடகர் தூக்கத்துல பாடுவார்! (சிரிப்பு)

“புதுசுலயும் மட்டம் இருக்கே”ன்னு எதிரணி கேட்பாங்க. இருக்கு. சூட்கேஸ் மாதிரி மினுக்கிட்டு வர்ற மலிவுப் பெட்டி பலதுல அதே 5 கிராம் பாரம்தான். அதனால நாலு கேள்வி கேட்டு வாங்குங்க. ஊசி பாரத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா? மாத்து ஊசி நம்ம ஊர்ல கிடைக்குமா? ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால வேண்டிய போனோ பிரீ ஆம்ப் உள்ளேயே இருக்கா? தாத்தா காலத்து 78 தட்டு இருந்தா, அந்த வேகமும் அதுக்கான தடிச்ச ஊசியும் உண்டா? எல்.பி. ஊசி முனை சுமார் 18-லேர்ந்து 25 மைக்ரான். 78-க்கு சுமார் 75.

1972-ல வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 மாதிரி பழசிலயும் ராஜாக்கள் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா அதைப் பிரிச்சுப் பார்த்துச் சரிபண்ண ஒரு மெக்கானிக் பக்கத்துல வேணுமே! அது ரசிகருக்கு. நான் பேசறது குடும்பத்துக்கு.

ஐயா, பிளேயர் போனா கடையில வேற வாங்கலாம். எங்கப்பா மூர் மார்க்கெட்டுல பொறுக்கின தட்டை எந்தக் கடையில வாங்குவேன்? பழமை தட்டுல இருக்கட்டும், ஊசியில வேண்டாம். அந்தப் பழமையைக் காப்பாத்தணும்னாலே புதுசுதான் வேணும்னு தீர்ப்புச் சொல்லுங்க.

இப்ப மிச்சம் இருபத்தொன்பது தட்டு, புது பிளேயர்ல பாடுது. அந்த முப்பதாவதையும் அம்மா எடுத்து வெச்சுக்கிறாங்க. கேட்கிறதுக்கு இல்ல, தொட்டுப் பார்க்க. (நீண்ட கைதட்டல்)