அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்?

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா அடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க: "குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தருபவர்தான் அரசு வக்கீல்." அம்மா, அவர் குற்றவாளின்னு உங்களுக்கு யார் சொன்னது? தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர். அவ்வளவுதான்! (கைதட்டல்)

வீட்ல மோதிரத்தைக் காணோம். முதல்ல யாரைக் கேட்கிறோம்? பாத்திரம் தேய்க்கிற அம்மாவை. மோதிரம் எங்கே இருக்கு? நம்ம சோப்பு டப்பாவுல! (சிரிப்பு)

மதுரைக்குப் புதிதாக வந்த கோவலனுக்கும் அதுதானய்யா நடந்தது. குற்றம் சாட்டியவன் பொற்கொல்லன். சாட்சியும் அவனே. உண்மையான திருடனும் அவனே! "சிலம்புக்குள்ளே பரல் என்ன?" என்று கேட்க அரண்மனையில் ஓர் ஆள் இல்லை. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகி சிலம்பில் மாணிக்கம். கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். உயிர் போன பிறகு கண்ணகி வந்துதான் அந்தப் பேச்சையே எடுத்தாள். அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டியவர்தான் ஐயா, இன்றைய அரசு வக்கீல்.

கதை அதோடு முடியவில்லை. முத்துக் குளித்த கொற்கைக்கு வாருங்கள். அங்கிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய ஒரே பகலில் 1000 பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது சிலப்பதிகாரம். பொய் சொன்னவன் ஒருத்தன். இந்த ஆயிரம் பேர் செய்த குற்றம்? அதே தொழில்! விசாரிக்காமல் கொன்ற பாவத்துக்கு, விசாரிக்காமலே ஒரு பரிகாரம்!

கொற்கை இருக்கிற அதே தூத்துக்குடி மாவட்டம், சாத்தான்குளம். 2020 ஜூன் மாதம். ஊரடங்கில் நேரம் தாண்டிக் கடை திறந்ததாகக் கைதான தந்தையும் மகனும் காவலில் இருக்கும்போதே இறந்தார்கள். விசாரணை தொடங்கும் முன்பே உயிர் போச்சு! நாடே கொதித்தது. போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு வந்தது. "விசாரணை எதுக்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். நமக்குக் கோபம் வருகிற ஆளுக்கும் சேர்த்துத்தான் சட்டம். அவர் குற்றத்தையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் நாமும் கொற்கைச் செழியன்தான்! (கைதட்டல்)

எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற வெறி அரசு வக்கீலுக்குக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குச் சாதகமான உண்மை கிடைத்தால், அதையும் அவரே நீதிபதி முன் வைக்க வேண்டும். ஏன்? அவர் மக்களின் வக்கீல். கூண்டில் நிற்பவரும் அந்த மக்களில் ஒருவர்தானே!

ஆகவே நடுவர் அவர்களே, அரசு வக்கீலின் வேலை உண்மையை நிலைநாட்டுவதே என்று தீர்ப்பு வழங்குங்கள். தீர்ப்புக்கு முன்னால் நாங்கள் சொன்ன சாட்சியையும் கொஞ்சம் விசாரித்துவிடுங்கள்! (சிரிப்பு)