நூலை இழுக்காதீர்கள்



வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டால், தரையில் கிடப்பதெல்லாம் அதன் வாய்க்குள் போகும். இது கெட்ட புத்தி அல்ல. பிறந்து மூன்று நான்கு வாரத்தில் குட்டிக்குப் பால்பற்கள் முளைக்கின்றன. நான்கு மாத அளவில் அவை விழுந்து புதுப் பற்கள் வரும். அப்போது ஈறு தினவெடுக்கும். குட்டி எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். நமக்குக் கை எப்படியோ, குட்டிக்கு வாய் அப்படி. கடித்த பொருள் சில சமயம் உள்ளே போய்விடும்.

என்னவெல்லாம் போகும்? சாலைக் கடைத்தெருவில் இறைச்சி வாங்கி வந்த உறை போகும். மாம்பழக் காலத்தில் மாங்கொட்டை. சங்குமுகம் கடற்கரையில் யாரோ தின்று எறிந்த சோளத்தண்டு. வீட்டுக்குள் காலுறை, நாணயம், தையல் ஊசி, பொம்மையில் போடும் பொத்தான் பாட்டரி. விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறைப் பக்கம் இன்னொன்றும் உண்டு. அது தூண்டில் முள். முள்ளில் ஒரு மீன் துண்டு ஒட்டியிருந்தால் குட்டி விடுமா?

நூலும் நரம்பும்தான் இவற்றில் பொல்லாதவை. குட்டியின் வாயிலிருந்து நூல் தொங்குகிறது. அல்லது மலம் கழிக்கும் இடத்தில் நூலின் நுனி தெரிகிறது. பார்த்தவுடன் யாருக்கும் கை அங்கே போகும். பிடித்து இழுக்கத் தோன்றும். இழுக்கக் கூடாது.

ஏன்? பாவாடை நாடாவை நினைத்துப் பாருங்கள். நாடாவை இழுத்தால் துணி சுருங்கி மடிப்பு மடிப்பாக வரும். குடலும் அப்படித்தான். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கியிருக்கும், அல்லது இரைப்பை வாசலில் மாட்டியிருக்கும். மறுமுனை குடலுக்குள் நீண்டு கிடக்கும். இழுத்தால் குடல் சுருங்கும். இறுகிய நூல் கத்தி போலக் குடலை உள்ளிருந்தே அறுக்கும். அறுந்த குடலிலிருந்து அழுக்கு வயிற்றுக்குள் கசியும். அப்புறம் குட்டி பிழைப்பது கஷ்டம்.

தூண்டில் முள்ளுக்கும் இதே விதிதான். முள்ளின் நுனியில் பின்பக்கம் பார்த்த கொக்கி ஒன்று இருக்கிறது. மீன் கழன்று போகாமல் இருக்க வைத்தது அது. இழுத்தால் சதையைக் கிழிக்கும். எனவே நரம்பை ஒரு முழம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டிவிடாதீர்கள். வெளியே தொங்கும் நரம்பு மருத்துவருக்கு உதவும். அதைக் கழுத்துப் பட்டையில் தளர்வாகக் கட்டி, குட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள்.

உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் வேண்டாம். அதிக உப்பே சிறு குட்டியைக் கொன்றுவிடும். ஊசியும் முள்ளும் உள்ளே போனபோது குத்தாமல் போயிருக்கலாம். திரும்பி வரும்போது குத்தும். பாட்டரி தொண்டையையும் வயிற்றையும் புண்ணாக்கும். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அவரிடம் அதற்கு ஊசிமருந்து உண்டு. ஆனால் பொருள் இரைப்பையில் இருக்கும்வரைதான் அது பலிக்கும். சுமார் இரண்டு மணி நேரத்தில் பொருள் குடலுக்கு இறங்கிவிடக்கூடும். அதனால்தான் அவசரம்.

விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை என்றால்? குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும். சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும். முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி நிற்கும். அது வயிற்று வலி. முக்கினாலும் மலம் வராது. தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ என்ற நோயிலும் வாந்தி வரும். எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

அடுத்த விஷயம் நாயைப் பற்றியது மட்டுமல்ல, உங்கள் உயிரைப் பற்றியது. ஒரு குட்டியின் தாடை தொங்குகிறது. எச்சில் ஒழுகுகிறது. விழுங்க முடியவில்லை. தொண்டையில் எலும்பு மாட்டிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஒருவர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார். ஆனால் அது வெறிநோயாக, அதாவது ரேபிஸாக இருக்கலாம். ரேபிஸ் எப்போதும் பாய்ந்து கடிக்கும் நோய் அல்ல. தாடை செயலிழந்து சும்மா படுத்துக் கிடக்கும் வகையும் உண்டு. குட்டிகளுக்கும் அது வரும். எச்சிலில் அந்தக் கிருமி இருக்கும். நோய் மனிதருக்கு முற்றிவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை.

ஆகவே வாய்க்குள் வெறும் கையை விடாதீர்கள். எச்சில் காயத்தில் பட்டால், பல் பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். நம் குட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது.

விளையாடிக்கொண்டிருந்த குட்டிக்குக் கண் எதிரே பந்து தொண்டையில் அடைத்து, மூச்சு நின்று, ஈறு நீலமானால் அது வேறு. அப்போது பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குங்கள். இரண்டு தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டுங்கள். இதற்கு வாய்க்குள் கை போக வேண்டியதில்லை.

எங்கே போவது? கேரளத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கால்நடை மையம் இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். காசு கிடையாது. 2023 ஜனவரி 5 அன்று திருவனந்தபுரத்தில் இந்த அழைப்பு மையத்தையும், கேரளத்துக்கான 29 நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிகளையும் தொடங்கி வைத்தார்கள்.

போகும்போது குட்டிக்குத் தீனி கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். கடித்த பொருளில் மிச்சம் இருந்தால் எடுத்துப் போங்கள். விழுங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்த கைக்கு இது சின்ன வேலை, மருத்துவருக்குப் பெரிய உதவி. எக்ஸ்ரேயில் ஊசியும் நாணயமும் பளிச்சென்று தெரியும். துணி, பிளாஸ்டிக், சோளத்தண்டு எளிதில் தெரியாது. அதற்கு ஸ்கேன் எடுப்பார்கள். பொருள் இரைப்பையில் இருந்தால் வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு எடுக்கவும் வழி உண்டு. குடலில் அடைத்திருந்தால் அறுவைதான்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வரும் குட்டியின் கழுத்தில் புனல் போன்ற வளையம் இருக்கும். அது தையலை நக்காமல் இருக்க மாட்டியது. பாவம் என்று கழற்றிவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில் கஞ்சி போல இளக்கமான தீனி கொடுங்கள். பத்துப் பதினான்கு நாளில் தையல் பிரிக்க அழைத்துப் போங்கள்.